உயிர்வேலியும் ஊர்ப் பூஞ்செடிகளும்

யாழ்ப்பாணத்தார் வேலிக்குப் பெயர்போனவர் என வெளியூரார் நகையாடுவதுண்டு. ஒரு சாண் நிலத்துக்காகக் கதியாலை இரவோடிரவாக நகர்த்திவிட்டு, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய கதைகள் நம் ஊர்கள்தோறும் வழங்குகின்றன. அவ்வழக்குகளின் நீதி அநீதிகளை நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. வழக்காடியோர் ஒருவரும் பொருட்படுத்தாத அவ்வேலியின் செடிகளைப் பற்றியே பேசப் போகின்றோம். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாய் நிற்க, அவற்றினிடையே கிளாவும் காரையும் ஆதொண்டையும் தாமாக முளைத்துப் படர, ஒழுங்கையின் இருமருங்கும் பச்சைச் சுவர் எழுப்பியது போலத் தோன்றிய அவ்வேலி, புலுனிக்கும் கொண்டைக்குருவிக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் குடியிருப்பாய் இருந்தது. வேலிக்கு உரிமை கோரியோர் இருவர். அதிற் குடியிருந்தோர் எண்ணிலர்.

இன்று அவ்வேலிகள் அருகி வருகின்றன. 1990-ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், 2010-க்குப் பின் படிப்படியாகத் தம் வளவுகளுக்குத் திரும்பியபோது, வீடிருந்த இடத்திற் பற்றைக்காட்டையே கண்டனர். அதனை இயந்திரங்கொண்டு வழித்தெறிந்தாலன்றி அவர்கள் குடியேறியிருத்தல் இயலாது. அதனை எவரும் குறை கூறார். ஆனால் வழித்தெறிந்த இடத்தில் எழுந்தது சீமெந்து மதில். இடம்பெயராத ஊர்களிலும் மதிலே நாகரிகமாயிற்று. ஆண்டுதோறும் வேலியடைக்கும் செலவையும், அதற்குக் கூலியாள் கிடையா அருமையையும் எண்ணும்போது, மதில் கட்டியோர் மீது நாம் பழி சுமத்த முடியாது. எனினும் மதிலின் உட்புறத்தே மூன்றடி அகலமுள்ள ஒரு நிலக்கீற்று எல்லா வளவுகளிலும் வெறிதே கிடக்கின்றது. அக்கீற்றிலே நம் நாட்டுப் பூஞ்செடிகளை வித்திட்டு வளர்க்கலாம் என்பதும், அங்ஙனம் வளர்த்தால் வேலியின் பழைய குடிகள் பலவும் திரும்பி வரும் என்பதுமே இக்கட்டுரையிற் சொல்ல வந்தன.

பூஞ்செடி வேண்டுமெனின் கடையில் வாங்கலாமே என்று சிலர் கேட்பர். கடையில் வாங்கும் குரோட்டனும் போகன்வில்லாவும் கண்ணுக்கு இனியவை என்பதை நாம் மறுக்கவில்லை. முன்னையது மலாயத் தீவுகளுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் உரியது, பின்னையது தென்னமெரிக்காவினது. வண்ணத்துப்பூச்சி தேன் குடிப்பதற்கு எப்பூவையும் நாடும். அந்நியப் பூ, உள்ளூர்ப் பூ என்ற வேற்றுமை அதற்குப் பெரிதன்று. நம் வீட்டுச் செவ்வரத்தையில் தேன்சிட்டு வந்து உண்பதை நாள்தோறும் காண்கின்றோம். ஆயின் முட்டையிடும் தாய்ப்பூச்சியின் நோக்கு வேறு. அதன் குடம்பிக்கு உணவாவது பூ அன்று, இலை. அவ்விலையும் குறித்த சில செடிகளின் இலையே. பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு செடியின் இலை நஞ்சுக்குத் தன் உடலைப் பழக்கிக்கொண்ட குடம்பி, வேறொரு செடியில் விடப்படின் பட்டினியால் மடியும். ஆதலின் தேன் மட்டும் தரும் தோட்டம் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப்பந்தலாகுமேயன்றிக் குடும்பம் நடத்தும் வீடாகாது.

வெளிநாட்டுச் செடி அழகுக்காக வந்து அடாத விருந்தாளி ஆனதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. உண்ணிச்செடி எனப்படும் இலந்தானா, 1826-ஆம் ஆண்டளவிற் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக அலங்காரச் செடியாக இலங்கைக்குள் வந்தது. அதன் கனியைப் பறவைகள் தின்று வித்தை நாடெங்கும் எச்சமிட்டன. இன்று நாட்டின் பல பகுதிகளில், கைவிடப்பட்ட நிலங்களிற் பிற செடிகளுக்கு இடம்விடாது மூடி நிற்பது அதுவே. பறவை தின்னும் கனியுடைய செடியை நடுவோர், அது எந்நாட்டுச் செடி என்று முதலில் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நம் முன்னோர் ஊர்ச் செடிகளை நன்கறிந்திருந்தனர். ஆவரங்கால், நாவற்குழி, நுணாவில், புங்குடுதீவு, விடத்தல்தீவு என ஊர்ப்பெயர்களே தாவரப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டுக் கூறும் தொண்ணூற்றொன்பது பூக்களுள் வெட்சியும் ஆவிரையும் இடம்பெறுகின்றன. 1893 முதல் வெளிவந்த இலங்கைத் தாவர நூலிலே, பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த திறைமன் என்பார், செடிகளின் இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே பதிந்துள்ளார். உயர்வகுப்பு மாணவரிடம் இரு கிளைகளைக் காட்டி, இவற்றுட் பாவட்டை எது, நொச்சி எது என்று வினவினால் என்ன விடை வரும் என்பதை ஆசிரியர்களே அறிவர்.

இனி, வித்து ஏன் என்னும் வினாவுக்கு வருவோம். கிளையை முறித்து நட்டால் விரைவில் வேலி கிடைக்குமே என்பது நியாயமான கேள்வி. கிளுவைக்கும் நொச்சிக்கும் அது பொருந்தும். அவற்றைத் தடியாகவே நடலாம். ஆனால் தடியிலிருந்து வளர்வது தாயின் மறுபதிப்பே. ஒரு மரத்துத் தடிகள் நூறு நட்டாலும் நிற்பது ஒரே மரந்தான். நோயொன்று வரின் நூறும் ஒருங்கே வீழும். வித்தில் முளைத்தவையோ ஒன்றுபோல் ஒன்று இரா. ஒன்று முன்னே பூக்கும், ஒன்று பின்னே பூக்கும். ஒன்று உவரைத் தாங்கும், மற்றொன்று வரட்சியைத் தாங்கும். பூக்காலம் நீள்வதால் வண்டுக்கும் பறவைக்கும் உணவுக்காலமும் நீள்கின்றது. அன்றியும் வித்திலிருந்து எழும் ஆணிவேர் ஆழ இறங்கும். பங்குனி முதல் ஆவணி வரை மழையைப் பெரும்பாலும் காணாத நம் குடாநாட்டில் அது சிறு நன்மையன்று.

வித்துச் சேர்ப்பதற்குச் சில முறைகள் உள. ஒரே செடியில் எல்லாவற்றையும் உருவியெடுத்தல் ஆகாது. இயன்றவரை பத்துச் செடிகளுக்குக் குறையாமல், ஒவ்வொன்றிலும் முற்றியவற்றுள் ஐந்திலொரு பங்கை மட்டும் எடுத்து, மிகுதியைப் பறவைக்கும் மண்ணுக்கும் விட்டுவிடுதல் நன்று. தீவகத்து மணலில் நிற்கும் செடியின் வித்தைத் தீவகத்திலும், வலிகாமத்துச் செம்மண்ணில் நிற்பதன் வித்தை அச்செம்மண்ணிலும் விதைப்பதே சிறந்தது. அவ்வம் மண்ணுக்கும் நீருக்கும் பழகிய பரம்பரை அவற்றுள் உண்டு. வளவுச் சொந்தக்காரரிடமும் கோயில் முகாமையாளரிடமும் கேட்டே எடுக்கவேண்டும். 2015-ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட சுண்டிக்குளம் போன்ற காப்பிடங்களில் ஒரு காயையும் பறிக்கச் சட்டம் இடந்தராது. மற்றொன்றையும் மாணவருக்கு அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்ட பற்றையுள், அங்கு எத்துணை அரிய செடி நின்றாலும், கால் வைத்தலாகாது.

வித்துகளை நாம் இரு வகுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம்: உலர்த்தினால் வாழ்பவை, உலர்த்தினால் மாள்பவை. இவ்வேற்றுமையை அறியாமையாலேயே பலர் ஊர்ச்செடி வித்து முளையாது என்று கைவிடுகின்றனர். வெடிக்கும் அல்லது காயும் நெற்றில் உள்ள கடின வித்துகள் பெரும்பாலும் முதல் வகுப்பைச் சார்ந்தவை. அவற்றை நிழலில் உலர்த்திச் சுளகிற் புடைத்து, சாம்பலோடு கலந்து, வாயிறுகிய போத்தலில் இட்டால் ஓராண்டும் அதற்கு மேலும் இருக்கும். சதைக்கனிக்குள் இருக்கும் மென்வித்துகள் பல இரண்டாம் வகுப்பினவாதலின், அவற்றை ஓலைப்பெட்டியில் இட்டு அடுத்த மாதம் பார்ப்போம் என்று வைத்தல் கொல்வதற்கு ஒப்பாகும்.

முதல் வகுப்புக்கு ஆவரையை எடுத்துக்கொள்வோம். நம் கரையோரத்து வறண்ட நிலங்களில் ஒருவரும் நீரூற்றாமலே பொன்னாய்ப் பூத்துக் குலுங்கும் இச்செடி, அழகில் எந்தக் கடைச்செடிக்கும் தாழ்ந்ததன்று. இலையடியிற் காதுமடல் போன்ற செதில்கள் இருத்தலின், இலத்தீனிலும் காதுடையது எனப் பொருள்படும் பெயரையே 1753-ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்கு இட்டார். இதன் பூவிலே தேன் இல்லை, மகரந்தமே கூலி. அம்மகரந்தமும் எளிதிற் கிட்டாது. மகரந்தப்பையின் நுனியிற் சிறு துளை மட்டுமே உண்டு. பெரிய கருவண்டு பூவை இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை அசையாமல் நிறுத்திச் சிறகுத் தசையை மட்டும் அதிரச்செய்யும். அவ்வதிர்வில் மகரந்தம் துளைவழியே பீறிட்டு வண்டின் வயிற்றிற் படியும். காலை வேளையில் ஆவரைச் செடியருகே நின்றால், பறக்கும்போது கேட்கும் ஒலியினின்றும் வேறான ஒரு கூரிய ரீங்காரம் விட்டுவிட்டுக் கேட்பது இதனாலேயே. இதன் இலையில் வெளிர்மஞ்சளும் வெண்மையுமான வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். கூட்டங்கூட்டமாகச் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகின்றன என்று நாட்டுமக்கள் சொல்வது இவ்வினத்துப் பூச்சிகளையே.

ஆவரையின் தட்டை நெற்றுப் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே வித்து அசையும்போது பறிக்கவேண்டும். துளையுள்ள நெற்றை விலக்குக. உள்ளே வண்டின் குடம்பி வித்தைத் தின்றிருக்கும். எடுத்த வித்தை அப்படியே விதைத்தாற் சிலவே முளைக்கும். அதன் வித்துறை நீரை உட்புகவிடாத கவசம். அது மழையிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கிற் கிடந்து தேய்ந்தபின்னரே இயற்கையில் முளைக்கின்றது. எல்லா வித்தும் ஒரே மழையில் முளைத்து ஒரே வரட்சியில் மாண்டுபோகாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. தோட்டக்காரனோ அத்துணைக் காலம் காத்திரான். நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதிப்பு அடங்கியதும் வித்தின்மேல் ஊற்றி, ஓரிரவு ஊறவிடுக. அடுப்பில் வைத்தே அவித்தலாகாது. காலையிற் பருத்திருப்பவற்றை அன்றே விதைக்கலாம். பருக்காதவற்றை மணற்கடதாசியில் ஒரு பக்கம் உரசி மீண்டும் ஊறவைக்கலாம். ஐம்பது வித்தை இவ்வாறு செய்தும், ஐம்பதைச் செய்யாமலும் விதைத்து, நாள்தோறும் முளையெண்ணி வரைபு வரைதல் விஞ்ஞான வகுப்புக்கு ஏற்ற பரிசோதனை, செலவும் ஒன்றுமில்லை.

விடத்தலும் இவ்வாறே கடின வித்துடையது. ஒரே பூங்கதிரில் ஒரு பாதி இளஞ்சிவப்பும் மறுபாதி மஞ்சளுமாய்த் தொங்கும் அதன் அழகு கண்டோர் மறவார். ஆடுகள் அதன் சுருண்ட நெற்றைத் தின்று, வித்தைப் பட்டியிற் பரப்பும். முள்ளும் உண்டு, வேரிலிருந்து கன்றுவிட்டுப் பற்றையாகும் இயல்பும் உண்டு. ஆதலின் பெருவளவின் கோடிப்புறத்துக்கே அதனைச் சிபாரிசு செய்வோம். பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்துக்கன்று.

இரண்டாம் வகுப்பில் வெட்சி, பாவட்டை, கிளா, குருந்து என்பவற்றைச் சேர்ப்போம். இங்கு விதி ஒன்றே: கனி நிறம் மாறி மென்மையாகும்போது பறித்து, சதையை நீரிற் பிசைந்து கழுவி, அன்றோ மறுநாளோ விதைத்துவிடவேண்டும். சதை ஒட்டியிருப்பின் பூஞ்சணம் பிடிக்கும். கிளாக்கனியின் பால் பிசுபிசுத்தால் சாம்பலிட்டுத் தேய்த்தாற் போகும். பறவையின் வயிற்றில் நடைபெறும் வேலையையே நாம் கையாற் செய்கின்றோம். வெட்சியும் பாவட்டையும் முளைக்க வாரங்கள் பல செல்லும். பாத்தி வெறிதாய்க் கிடக்கின்றதென்று கிளறிப் பார்த்தல் கூடாது. முளைத்தபின்னும் முதலாண்டில் நிழல் வேண்டும். கிளாவின் வெண்பூ மல்லிகைபோல மணக்கும். கவராய்ப் பிரிந்த அதன் முள்ளுக்குள் சிறுகுருவி கூடு கட்டினால் பூனையோ காகமோ எளிதில் அணுகாது. குருந்தோ தேசியின் உறவு. கரிய சிறகில் வெண்புள்ளி நிரை கொண்டதும், நீலப்பட்டுப் போல மின்னுவதுமான பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இரண்டும் அதன் இலையை நாடும். தேசிக்கன்றின் தளிரைப் புழு தின்கின்றதென்று வருந்துவோர், வேலியோரம் இரண்டு குருந்து நட்டு, தேசியிற் காணும் குடம்பிகளை அங்கு மாற்றிவிடலாம்.

இவ்விரு வகுப்புக்கும் அப்பால், எந்த உபசாரமும் வேண்டாத எருக்கலையைப் பற்றி ஒரு சொல். விநாயகருக்கு மாலையாகும் பூ என்பதனால் அது கோயிற்புறத்திற் பிழைத்தது. வீட்டில் எருக்கலை முளைத்தாற் குடி கெடும் என்ற பேச்சு அதனை வளவிலிருந்து விரட்டியது. பட்டுப்பஞ்சோடு பறக்கும் வித்தைப் பிடித்து ஈரமணலில் இட்டாற் போதும். செம்மஞ்சட் சிறகும் கரிய ஓரமுமுடைய வண்ணத்துப்பூச்சியின் குடம்பி அதன் நச்சிலையை உண்டு, நஞ்சைத் தன் உடலிற் சேமித்து வைப்பதால், ஒருமுறை அதைக் கொத்திய பறவை மறுமுறை அணுகாது. பால் கண்ணிற் படின் கேடு விளைக்கும். கிளை முறிக்கும் சிறுவரை எச்சரித்து வைக்க வேண்டும். வெண்ணரம்பும் இளஞ்சிவப்புமாக நிறம் மாறும் ஆதொண்டைப் பூவும், அதன் இலையை நம்பி வாழும் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளும் தனிக் கட்டுரைக்கு உரியன.

நாற்றுமேடைக்குச் செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய எரு ஒரு பங்கு போதும். வித்தின் பருமனைப்போல் இருமடங்கு ஆழத்துக்கு மேற் புதைத்தலாகாது. குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவது. சில இடங்களில் உவருங் கலந்தது. மழைநீரைத் தொட்டியிற் பிடித்து வைத்தோர் முளைகளுக்கு அதனையே ஊற்றுதல் நலம். உலர் வித்துகளை ஆடி, ஆவணியில் ஊறவைத்துப் பையில் இட்டால், வாடைமழை தொடங்கும் ஐப்பசியில் நடும் பருவம் வந்துவிடும். சோளகக் காற்று புழுதியை வாரியடிக்கும் மாதங்களாதலின் மேடைக்குத் தென்மேற்கே கிடுகுத் தட்டி ஒன்று வேண்டும். ஆவரையின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டுச் சுருளுமுன் நட்டுவிடுக. அன்றேல் முதல் மழையோடு குழிக்கு மூன்று வித்தாக நேரே ஊன்றிவிடுக. ஒரே வரிசையாக அன்றி, நான்கடி இடைவிட்டு வகைமாற்றி நடுவது நன்று. கிளாவும் ஆவரையும் வெயிலிலும், வெட்சியும் பாவட்டையும் மரநிழலிலும் அமையட்டும். அடுத்த பங்குனி தொட்டு முதல் ஆண்டுக் கோடையில் வாரம் ஒருமுறை ஆழ நீர் வார்க்கவேண்டும். அதன்பின் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

பற்றை வளர்த்தாற் பாம்பு வருமே என்று தாய்மார் அஞ்சுவர். இவ்வச்சத்தை நகைத்துத் தள்ளுதல் தகாது. நாகமும் புடையனும் நம் நாட்டில் உயிர் குடிப்பவை. ஆயின் பாம்பை அழைப்பது செடியன்று, எலியும் தவளையும் ஒளிந்திருக்கும் குப்பையும் கற்குவியலுமே. செடிகளை வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் எல்லையோரம் நடுக. நன்றாய் வளர்ந்தபின் அடிக்கிளைகளை ஒரு முழ உயரத்துக்குக் கழித்து நிலத்தைக் கூட்டிவைக்க. இரவில் விளக்கின்றி அப்பக்கம் செல்லற்க. டெங்கு நுளம்பைப் பற்றிய அச்சமும் இவ்வாறே. அது முட்டையிடுவது சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரில். வேலியை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரட்டையை விட்டுவைப்போருக்கு நுளம்பு குறையாது.

புழு தின்ற இலையைக் கண்டதும் மருந்தடிக்கும் வழக்கமே இம்முயற்சிக்குப் பெரும்பகை. ஆவரை இலை ஓட்டையாகும். சில வேளை செடியே மொட்டையாகும். இரு வாரத்தில் மீண்டும் தளிர்க்கும். அக்குடம்பிகளுட் பெரும்பகுதி சிறகு முளைக்குமுன்னரே தையற்சிட்டின் குஞ்சுகளுக்கு இரையாகும். தானியம் தின்னும் குருவிகளும் தம் குஞ்சுக்குப் புழுவையே ஊட்டுகின்றன. மருந்தடித்த செடியில் அவ்வுணவு இராது.

கல்லூரி வளவின் மதிலோரத்தில் இதனைத் தொடங்குவதற்குத் தேவையானவை ஒரு மண்வெட்டியும் ஒரு நாற்றுமேடையும் விடுமுறை நாளில் நீரூற்றும் ஒருவருமே. இவற்றுள் அரிது மூன்றாவது. வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வரும் பழைய மாணவர் பணமாகவே உதவ நினைப்பின், அவ்வொருவரின் வேதனத்துக்கு அதனை ஒதுக்கலாம். ஊரிலுள்ளோர் தத்தம் கோடியில் எஞ்சி நிற்கும் தாய்ச்செடியை மதிலுக்கு அத்திவாரம் வெட்டுமுன் ஒருமுறை பார்த்து, காய் இருப்பின் ஒரு கை வித்தை எடுத்து, செடியின் பெயரையும் ஊரையும் திகதியையும் எழுதி உயிரியல் ஆய்வுகூடத்தில் ஒப்படைக்கலாம். சதைக்கனியாயின் காயவிடாமல் ஈரத்துணியிற் சுற்றி அன்றே கொணர்தல் வேண்டும்.